யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரில் பாசி தின்னும் நத்தைகளை வளர்த்தல்

கோண்டாவில், இணுவில், சுன்னாகம் பக்கத்துக் கிணற்று நீரைச் சில மாதங்கள் ஒரே கேத்திலில் காய்ச்சியவர்கள், அதன் அடியில் வெள்ளையாகத் தடித்துப் படியும் படலத்தைக் கண்டிருப்பார்கள். குடாநாட்டின் அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லிலிருந்து கரைந்து வந்த கல்சியம் காபனேற்றே அந்தப் படலம். நத்தையின் ஓட்டிலும் பெரும்பங்கு அதுவே. கல்சியம் குறைந்த மென்மையான நீர் கிடைக்கும் ஊர்களில் மீன்தொட்டியில் நத்தை வளர்ப்போர் ஓடு கரைந்துவிடாமல் காப்பதற்கே பாடுபட வேண்டியிருக்க, நமக்கோ அந்த வேலையில் பாதியைக் கிணறே செய்து தந்துவிடுகிறது.

ஆனால் அதே கிணறு பாசிக்கும் உணவூட்டுகிறது என்பதை மறந்துவிட்டால், நத்தையை வாங்கிவிட்டபின் ஏமாற்றமே மிஞ்சும். வெங்காயம், புகையிலை, மரக்கறி ஆகியவற்றுக்கு இடும் உரமும், வளவுகளிலுள்ள மலசலகூடக் குழிகளின் கசிவும், மெல்லிய செம்மண்ணைத் தாண்டிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக விரைவில் நிலத்தடி நீரைச் சேர்ந்துவிடுவதால், இங்குள்ள பல கிணறுகளில் நைத்திரேற்றின் அளவு குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்து நிற்கிறது. அப்படிப்பட்ட நீரைத் தொட்டியில் நிரப்பி, யன்னலோரத்தில் வைத்து, பன்னிரண்டு மணிநேரம் விளக்கையும் எரியவிட்டால், எத்தனை நத்தைகளை விட்டாலும் கண்ணாடி பச்சையாகத்தான் இருக்கும். நத்தை பாசியைச் சுரண்டித் தின்னும். பாசி வளர்வதற்கான காரணத்தை அது நீக்காது. அது தின்றதில் ஒரு பகுதி கழிவாகி மீண்டும் நீருக்கே உரமாகிறது.

ஆகவே முதலில் நீரைச் சரிசெய்ய வேண்டும். மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் துளிச் சோதனைப் பெட்டியால் கிணற்று நீரின் நைத்திரேற்றையும் கடினத்தன்மையையும் ஒருமுறையேனும் அளந்து பார்ப்பது நல்லது. நைத்திரேற்று 60 மில்லிகிராம் என்று காட்டினால், குடிப்பதற்காக விற்கப்படும், நுண்சவ்வால் வடித்துத் தாதுப்பொருள்களைப் பெரிதும் நீக்கிய ஆர்.ஓ. நீரைச் சரிபாதி கலக்க அது 30 ஆகும். மீதியைச் செடிகள் உறிஞ்சிக்கொள்ளும். பாதிக்குப் பாதி கலந்த பின்னரும் ஓட்டுக்கு வேண்டிய கல்சியம் அந்த நீரில் இருக்கும். ஆனால் ஆர்.ஓ. நீரை மாத்திரமோ மழைநீரை மாத்திரமோ நிரப்பக் கூடாது. அவற்றில் தாதுப்பொருள்கள் மிகக் குறைவென்பதால் நீரின் பி.எச். எளிதில் 7க்குக் கீழே இறங்கி, அதாவது நீர் அமிலத்தன்மை பெற்று, ஓட்டின் உச்சியிலிருந்து அரிப்புத் தொடங்கிவிடும். கார்த்திகை மழையில் நீர் சேகரிக்க விரும்புவோர் தகரக் கூரையில் வழிந்த நீரைத் தவிர்த்து, வெளியில் வைத்த பிளாஸ்ரிக் வாளியில் நேரே விழும் நீரையே எடுக்க வேண்டும்; தகரத்தின் நாகப்பூச்சு நீரில் சேர்வது நத்தைக்கு நல்லதல்ல.

கரையோரங்களிலும் தீவுப் பகுதிகளிலும் இருப்போருக்கு வேறொரு சிக்கல் உண்டு. இங்கு நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கும் ஒரு படையாகவே நிலத்தடியில் கிடக்கிறது என்பதனால், கோடையில் அதிகம் இறைக்க இறைக்கக் கிணறு சவர்ப்படும். கீழே நான் பரிந்துரைக்கும் நெரைட் என்ற நத்தை சிறிதளவு உப்பைத் தாங்கும், ஆனால் செடிகளில் பல தாங்கா. நாவுக்கு உப்புத் தெரியும் நீர் செடித் தொட்டிக்கு உதவாது.

அடுத்தது பொறுமை. புதிதாக அமைத்த தொட்டியில் கழிவிலிருந்து வரும் நஞ்சான அமோனியாவையும் நைத்திரைற்றையும் நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் எடுக்கும். அதற்குமுன் நத்தையை விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். தொடக்க வாரங்களில் கண்ணாடியிலும் மணலிலும் படியும் மண்ணிறத் தூள் போன்ற தயற்றங்கள் என்ற நுண்பாசிகளைக் கண்டு பதற்றப்பட வேண்டியதில்லை, அவை பெரும்பாலும் தாமாகவே குறைந்துவிடும். இந்தக் காலத்தில் வலிஸ்னேரியா, செரடோபில்லம் போன்று வேகமாக வளரும் செடிகளை நெருக்கமாக நட்டுவிட வேண்டும். இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்ட்டியையும் சேர்க்கலாம். அது நட்டவுடன் இலைகளை உதிர்த்துப் பயமுறுத்தினாலும் வேரிலிருந்து மீண்டும் தழைக்கும். விளக்கை ஆறு முதல் எட்டு மணிநேரத்துக்கு மட்டுப்படுத்துங்கள்.

இனி எந்த நத்தை என்பது. செடித் தொட்டிக்கு ஒன்றையே பரிந்துரைக்கச் சொன்னால், நான் தயங்காமல் நெரைட் நத்தையையே சொல்வேன். அரம் போன்ற பல்நிரைகளைக் கொண்ட நாக்கால், மற்ற நத்தைகள் விட்டுவிடும் கடினமான பச்சைப் புள்ளிப் பாசியைக்கூட அது சுரண்டி எடுக்கும். உயிருள்ள செடிகளைத் தின்னாது. நன்னீரில் பெருகவும் மாட்டாது. ஆணும் பெண்ணும் வேறு வேறாக இருக்கும் இவ்வினத்தின் பெண் நத்தை கண்ணாடியிலும் மரத்துண்டிலும் எள்ளளவான வெள்ளை முட்டைகளை ஒட்டிவைக்கும். ஆனால் அவற்றின் குடம்பிகள் வளர உவர் கலந்த நீர் தேவை என்பதனால் நன்னீர்த் தொட்டியில் குஞ்சுகள் உருவாவதில்லை. அந்த வெள்ளைப் புள்ளிகள் கண்ணுக்கு உறுத்தலாக இருக்கும் என்பது உண்மைதான். கண்ணாடியில் உள்ளவற்றைச் சவர அலகால் சுரண்டிவிடலாம், மரத்தில் உள்ளவற்றோடு சமாதானமாகிக்கொள்ள வேண்டியதுதான்.

தட்டையாகச் சுருண்ட ராம்ஸ்ஹோர்ன் நத்தை மென்மையான பாசியையும் அழுகிய இலையையும் நன்றாகவே தின்னும். ஆனால் ஒவ்வொன்றும் இருபாலி என்பதனால், மீன்களுக்குத் தாராளமாக உணவு போடும் வீட்டில் இரண்டு நத்தைகள் சில மாதங்களில் நூற்றுக்கணக்கில் பெருகிவிடும். நீண்டு கூம்பிய மலேசியன் ட்ரம்பெட் நத்தை பகலில் மணலுக்குள் புதைந்திருந்து அதைக் கிளறிக் கொடுக்கும். கண்ணாடிப் பாசியைப் பொறுத்தவரை அதனிடம் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சள் நிறத்தில் அழகாக இருக்கும் மிஸ்டரி நத்தை மீதியுணவையே அதிகம் நாடும். வயல்களில் காணும் பெரிய நத்தையைப் பிடித்து விடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அது நீர்ச்செடிகளைத் தின்பது, அத்துடன் வயலிலிருந்தும் குளத்திலிருந்தும் கொண்டுவருபவை ஒட்டுண்ணிகளையும் அட்டைகளையும் கூடவே கொண்டுவரலாம். கடற்கரைக் கற்களில் ஒட்டியிருக்கும் நெரிட்டா இனங்கள் பார்வைக்கு நெரைட்டைப் போலவே இருந்தாலும் கடல்நீருக்குரியவை, நன்னீரில் இறந்துவிடும்.

வாங்கும்போது கண்ணாடியில் ஒட்டி ஊர்ந்துகொண்டிருப்பதைத் தெரிவு செய்யுங்கள். அடியில் அசையாது கிடப்பதை விட்டுவிடுங்கள். இரண்டு அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள தொட்டி நிரம்பினால் ஏறத்தாழ 56 லீற்றர் கொள்ளும். மணலையும் மேலே விடும் இடைவெளியையும் கழித்தால் நீர் 45 லீற்றர் அளவில்தான் நிற்கும். அதற்கு இரண்டு நெரைட்டுகள் போதும். மூன்றாவது ஒன்று பசியோடுதான் அலையும்.

கடை நீரும் உங்கள் நீரும் கடினத்தன்மையில் பெரிதும் வேறுபடலாம் என்பதனால் நத்தையைப் பையிலிருந்து நேரே தொட்டிக்குள் கொட்டக் கூடாது. சிறிய கிண்ணமொன்றில் கடை நீருடன் அதை வைத்து, காற்றுக்குழாயில் ஒரு முடிச்சுப் போட்டுத் தொட்டி நீரைத் துளித்துளியாக ஒரு மணிநேரம் விழவிட்டு, பின்னர் நத்தையை மாத்திரம் எடுத்து, அடிப்பாதம் கீழே இருக்கும்படி மணலில் வையுங்கள். கவிழ்ந்து விழுந்த நெரைட் சிலவேளை தானாக நிமிர முடியாமல் கிடந்தே இறந்துவிடும். கண்ணாடியிலிருந்து எடுக்க நேர்ந்தால் நேராக இழுக்காமல் பக்கவாட்டில் மெல்ல வழுக்கி எடுக்க வேண்டும். இரவில் நீரைவிட்டு ஏறி வெளியே விழும் பழக்கம் நெரைட்டுக்கு உண்டு என்பதால் மூடியில்லாத தொட்டி அதற்கு ஆகாது.

நத்தை தொடாத பாசிகளும் உள்ளன. செடி இலைகளின் ஓரத்தில் கறுப்பு மயிராக வளரும் தாடிப் பாசி, போர்வைபோல் மூடி நாற்றமடிக்கும் நீலப்பச்சைப் பாசி, நீரையே பச்சையாக்கும் மிதக்கும் பாசி ஆகிய மூன்றுக்கும் நத்தை மருந்தல்ல. அவற்றுக்கு விளக்கையும் நீர் மாற்றத்தையுமே கவனிக்க வேண்டும். மாறாக, தொட்டி முற்றாகச் சுத்தமாகிவிட்டால் நெரைட் பட்டினி கிடக்கும். அதனால் பின்புறக் கண்ணாடியைத் தேய்க்காமல் அதற்கென்றே விட்டுவிடுவது என் வழக்கம். வேண்டுமானால் உப்பிடாமல் அவித்த முருங்கையிலையையோ வெள்ளரித் துண்டையோ இரவில் போட்டு, மிஞ்சியதைக் காலையில் எடுத்துவிடலாம். மருந்தடித்த மரக்கறியானால் ஆபத்து. வளவில் காய்த்ததே உத்தமம்.

ஓட்டின் விளிம்பில் புதிதாக வளரும் பகுதி மெலிந்தோ வெளிறியோ இருந்தால் கல்சியம் போதவில்லை என்று கொள்ளலாம். அதற்காகக் கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை. மீன் சந்தையில் கணவாய் வாங்கும் நாளில் அதன் உள்ளோட்டை எறியாமல் கழுவி, அவித்து, வெயிலில் காயவைத்து, ஒரு துண்டைத் தொட்டியில் இடுங்கள். ஏற்கெனவே அரிக்கப்பட்ட உச்சி மீண்டும் வளராது. புதிய வளர்ச்சி சீராகும்.

நத்தைக்கு முதல் எதிரி செம்பு. மீன்களின் வெண்புள்ளி நோய்க்கு விற்கப்படும் மருந்துகளில் சில செம்பு கலந்தவை. போத்தலில் எழுதியிருப்பதைப் படிக்காமல் ஒரு துளியும் விட வேண்டாம். முந்திரிகைப் பந்தலுக்கு அடிக்கும் போர்டோக் கலவையிலும் இருப்பது செம்புச் சல்பேற்றே. ஆகவே மருந்து கலக்கும் வாளியைத் தொட்டிக்குப் பயன்படுத்துவதோ, செம்புக்குடத்திலோ பித்தளைப் பாத்திரத்திலோ நீரை ஊறவைப்பதோ கூடாது. இரண்டாவது எதிரி குளோரின். வெள்ளத்துக்குப் பின் கிணறுகளுக்குக் குளோரின் இடும் வழக்கத்தை எண்ணாமல், அப்படி இட்ட மறுநாளே பத்து லீற்றர் நீரை மாற்றியதால் மூன்று நெரைட்டுகளை ஒரே இரவில் இழந்தேன். அந்நாட்களில் சோடியம் தயோசல்பேற்று அடங்கிய குளோரின் நீக்கியைச் சேர்த்த பின்னரே நீரைத் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் அறைக்குள் இருக்கும் தொட்டியிலும் வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தாண்டிவிடும். நெரைட்டுக்கு உகந்தது 22 முதல் 28 வரை. சூடான நீரில் ஒட்சிசன் குறைவென்பதால் காற்றுப் பம்பியை இரவும் ஓடவிட்டு, நீர்ப்பரப்பின் குறுக்கே சிறிய மின்விசிறியால் காற்றை வீசச் செய்தால் இரண்டு மூன்று பாகைகள் இறங்கும். மூடியை வலையாக மாற்றிவிட்டால் காற்றும் புகும், நத்தையும் வெளியேறாது. ஆனால் ஆவியாவது நீர் மட்டுமே, உப்புகள் அப்படியே தங்கிவிடும். குறைந்த அளவைக் கிணற்று நீரால் நிரப்பிக்கொண்டே போனால் ஒரு மாதத்தில் கடினத்தன்மை கட்டுக்கடங்காமல் ஏறிவிடும் என்பதனால், அந்தக் குறையை ஆர்.ஓ. நீரால் நிரப்புங்கள்.

இரண்டு நாளாக அசையாத நத்தையை எடுத்து மணந்து பாருங்கள். ஓட்டின் வாயை அடைக்கும் மூடி திறந்து துர்நாற்றம் வீசினால் அது இறந்துவிட்டது. உடனே அகற்றாவிடில் அமோனியா ஏறி மீன்களும் பாதிக்கப்படும். மணமில்லாமல் மூடி இறுகியிருந்தால் ஓய்வெடுக்கிறது.

மிகையாகப் பெருகிய நத்தைகளைக் குளத்திலோ, கிணற்றிலோ, வயல் வாய்க்காலிலோ விடக் கூடாது. தென்னமெரிக்காவைச் சேர்ந்த மிஸ்டரி நத்தை இலங்கையின் இயற்கை நீர்நிலைகளில் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. வேண்டாதவற்றை உறைபெட்டியில் ஒரு நாள் வைத்துப் பின்னர் புதைத்துவிடலாம். வாரந்தோறும் தொட்டியிலிருந்து எடுக்கும் நீர் வாழைக்கும் பூமரங்களுக்கும் நல்ல உரம்தான். முட்டையும் குஞ்சும் வாய்க்காலை அடையாதபடி அதைப் பழைய வேட்டித் துணியொன்றில் வடித்து ஊற்றுங்கள்.