தத்துக் கொடுத்த வீட்டுக்குப் போகிறவர்களுக்கு

லீவு பத்து நாள் என்றால் ஆறு நாளைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு ஒதுக்கிவிடுங்கள். மீதி நாலு நாளில் கோயிலுக்குப் போகலாம், சொந்தக்காரர்களைப் பார்க்கலாம், முடிந்தால் கொஞ்சம் அழலாம். நான் கணக்கை மாற்றிப் போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொண்டேன்.

சொந்தத்துக்குள்ளேயே தத்துப் போய், வெளிநாட்டில் வளர்ந்து, இப்போது பெற்றவர்கள் ஊருக்குப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். சொல்லிக்கொள்வதுதான் இல்லை. நான் 1975-ல் டெல்டாவில் ஒரு கிராமத்தில் மூன்றாவது பெண்ணாகப் பிறந்தேன். நாலு வயதில் என்னை அம்மாவின் அக்காவுக்குக் கொடுத்தார்கள். 1980-ல் சிதம்பரம் என்ற கப்பலில் சிங்கப்பூர் போனோம். வளர்த்தவர் அம்மா ஆனார், பெற்றவர் சித்தி ஆனார். எனக்குப் பின்னால் பிறந்தவன் மட்டும் இரண்டு கணக்கிலும் தம்பிதான்.

சித்தி போன புரட்டாசியில் இறந்தார். நான் அப்போது வரவில்லை. மூன்று மாதமாக உடம்பு முடியாமல் இருந்தார் என்று தெரிந்தும் வரவில்லை. வேலை என்று சொன்னேன், அது பாதி உண்மை. வருஷத் திதிக்குத்தான் போனேன்.

தங்குவது பற்றி ஒன்று. அந்த வீட்டில் தங்காதீர்கள், பக்கத்து டவுனில் லாட்ஜ் போடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. நாற்பத்தொன்பது வயதுக்காரி அந்தத் திண்ணையில் உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் நாலு வயசாகிவிட்டேன். யாராவது பையைத் தூக்கினால் வயிற்றைப் பிசைந்தது. அதற்கு மேல், வந்தவர்கள் எல்லாரும் ஒரே வசனம்: ‘ஒனக்கென்ன, ராணி மாதிரி வளந்த.’ பெரியத்தை ஒருவர், தத்துப் போனவளுக்குத் தீட்டே மூன்று நாள்தான், நீ ஏன் ஒரு வருஷமாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்டார். இதற்கெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போகாதீர்கள், அந்த நேரத்தில் வாயில் வராது. எழுந்து போவதற்கு ஒரு ரூம் இருந்தால் போதும். ராத்திரி யாரிடமாவது பேசியே ஆகவேண்டும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திதி முடிந்த மறுநாள் தம்பி ஒரு பத்திரத்தின் டிராஃப்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சித்தி பேரில் மூன்று மா, அதாவது ஏறக்குறைய ஒரு ஏக்கர், நிலம் இருந்தது, அதை விற்கிறான். வாங்குகிறவரின் வக்கீல் பழைய ரேஷன் கார்டைப் பார்த்திருக்கிறார். அதில் மூன்று பெண் பிள்ளைகள். இரண்டு அக்காக்களும் கையெழுத்துப் போட்டாயிற்று, மூன்றாவது எங்கே என்று கேட்டிருக்கிறார். ஆக நான் என் பங்கை விட்டுக்கொடுப்பதாக விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்க வேண்டும்.

சட்டப்படி எனக்கு அதில் பங்கே கிடையாது. 1956-ஆம் வருஷத்து இந்து தத்தெடுப்புச் சட்டம் 12-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: தத்துப் போன நாளிலிருந்து பிறந்த வீட்டுத் தொடர்பு அறுந்தது. அதற்கு முன்பே நம் பேருக்கு வந்துவிட்ட சொத்து ஏதும் இருந்தால் அது மட்டும் நம்முடையதாகவே இருக்கும். இன்னொரு விதிவிலக்கும் உண்டு, பிறந்த வீட்டில் யாரைக் கட்டக்கூடாதோ அவரைத் தத்துப் போன பிறகும் கட்டக்கூடாது. எனக்கென்று சட்டம் மிச்சம் வைத்த உறவு அது ஒன்றுதான்.

‘அப்ப நான் எதுக்கு?’ என்று கேட்டேன். ‘பார்ட்டி கேக்குறாங்கக்கா, ஒரு ஃபார்மாலிட்டி’ என்றான். வேண்டுமானால் என் தத்துப் பத்திரத்தைக் காட்டு, அதிலேயே தெரிந்துவிடுமே என்றேன். அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் உறைத்தது, நானும் அதைப் பார்த்ததே இல்லை.

இங்கிருந்துதான் ஆறு நாள். உங்களுக்குப் பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தத்துப் பத்திரத்தை வில்லங்கத்தில் தேடாதீர்கள். வில்லங்கம் என்பது வீடு, நிலம் பற்றிய பத்திரங்களுக்கு, அதாவது அலுவலகப் பதிவேடுகளில் 1-ஆம் புத்தகத்துக்கு. தத்துப் பத்திரம் 4-ஆம் புத்தகத்தில் போய் உட்கார்ந்திருக்கும். 1-ஆம் புத்தகத்தில் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி நகல் எடுக்கலாம். 4-ஆம் புத்தகத்தில் எழுதிக்கொடுத்தவருக்கும், அந்தப் பத்திரத்தின் மூலம் உரிமை உள்ளவருக்கும், அவர்கள் சார்பில் வருபவருக்கும்தான். தேடுவதும் அலுவலகத்தார்தான், நம்மை விடமாட்டார்கள். பத்திர எண் தெரியாவிட்டால் வருஷத்தையாவது சரியாகச் சொல்லுங்கள். நான் 78, 79, 80 மூன்றுக்கும் தேடுதல் கட்டணம் கட்டினேன். முகூர்த்த நாளில் போய் நின்றுவிடாதீர்கள், கிரயம் பண்ண வந்த கூட்டத்தில் நம் மனுவை யாரும் தொடமாட்டார்கள். நான் இரண்டு முகூர்த்தத்தில் மாட்டினேன்.

மூன்றாம் நாள் ஜன்னலில் இருந்தவர் மனுவைப் படித்துவிட்டுக் கேட்டார்: ‘நீங்க எழுதிக் குடுத்தவரா, எழுதி வாங்குனவரா?’

‘ரெண்டும் இல்ல சார். குடுக்கப்பட்டது நான்தான்.’

சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று பக்கத்து மேஜையில் கேட்டார். அங்கேயும் தெரியவில்லை. சார்பதிவாளர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். நாளைக்கு வாங்க. மறுநாள், தத்து எடுத்தவர் வரட்டும் என்றார்கள். அவர் இறந்து பதினொரு வருஷம். இறப்புச் சான்று கேட்டார்கள். அது சிங்கப்பூரில், என் அலமாரியில். மகள் போட்டோ எடுத்து அனுப்பினாள். இப்படியே போயிற்று. பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குக் கொடுப்பது), வளர்த்தவர்களின் இறப்புச் சான்று மூன்றுக்கும் ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஆறாம் நாள் நகல் வந்தது, ஒன்றரைப் பக்கம். அந்தக் காலத்தில் பத்திரத்தைப் பார்த்துக் கையால்தான் புத்தகத்தில் எழுதி வைப்பார்கள், அதனால் எல்லாம் யாரோ ஒரு எழுத்தரின் முத்து முத்தான கையெழுத்து. ‘பராமரிக்க வசதி இல்லாமையாலும், தாங்கள் விரும்பிக் கேட்டுக்கொண்டபடியாலும்.’ 1979-ல் பிள்ளையைக் கொடுக்கும் உரிமை தகப்பனுக்குத்தான், தாய் சம்மதித்தால் போதும். 2010-ல்தான் இருவருக்கும் சமமாக மாற்றினார்கள். அந்தச் சம்மத வரியில் சித்தியின் பெயர், பக்கத்தில் ‘இடது பெருவிரல் ரேகை’. சித்திக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். எட்டாவது வரை படித்தவர், எனக்குக் கடுதாசி எல்லாம் போட்டிருக்கிறார். அன்றைக்கு ஏன் ரேகை?

நிஜமான ரேகை இதில் இருக்காது, ரேகைப் பதிவேட்டில் இருக்கும், அதைக் காட்டுவதில்லை என்றார்கள். அந்த மஞ்சள் கட்டடத்துக்குள் எங்கேயோ இருக்கிறது.

நிறுவனம் வழியாகத் தத்துப் போனவர்களோடு துணைக்குப் போகிறவர்களுக்கும் இரண்டு வார்த்தை. 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்துப் பிள்ளைகளுக்கே இப்போது முப்பது தாண்டிவிட்டது, இனிமேல் நிறையப் பேர் தேடிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு வழி வேறு. மத்திய தத்துவள ஆணையமான ‘காரா’வுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பதினெட்டு முடிந்தவர் தனியாகவே கேட்கலாம். மூன்றாம் நபர் தேட அனுமதி இல்லை, ஆகவே நண்பருக்காக நீங்கள் போய் ஊரெல்லாம் விசாரிக்காதீர்கள். பெற்றவர் தன்னைக் காட்ட வேண்டாம் என்று எழுதிக்கொடுத்திருந்தால் அவர் சம்மதம் வேண்டும். அவர் மறுத்தாலும், எந்தச் சூழலில் கொடுத்தார் என்பதைத் தேடி வந்தவருக்குச் சொல்லியாக வேண்டும். அதை விடாமல் கேளுங்கள். மொழிபெயர்க்கும்போது இனிப்புத் தடவாதீர்கள். ‘வறுமை, பாவம்’ என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். சொன்னதைச் சொன்னபடி சொல்லுங்கள்.

அன்று மாலை தம்பி டீக்கடையில் நகலைப் படித்தான். ‘இது போதும்க்கா. இதக் காட்டினாலே வக்கீல் ஒத்துக்குவாரு, நீ கையெழுத்தே போட வேணாம்’ என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் எரிச்சல். ஆறு நாள் நின்று வாங்கியது, நான் யாரும் இல்லை என்று காட்டத்தான் உதவப்போகிறது.

டிராஃப்டை மறுபடி திறந்தேன். யார் கொடுத்தாலும் இதை வரி வரியாகப் படியுங்கள். ‘ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று வாங்காத பணத்துக்கு ஒரு வரி இருக்கும், அடிக்கச் சொல்லுங்கள். அவசரப்படுத்தினால், வெளிநாட்டுக்குத் திரும்பிப் போய் இந்தியத் தூதரகத்தில் பவர் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லுங்கள். அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டினால் போதும். யோசிக்க நாள் கிடைக்கும். நான் அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் டிராஃப்டின் முதல் வரியில் என் பெயருக்கு முன்னால் சித்தியின் பெயரைப் போட்டு, ‘அவர்களின் மகள்’ என்று இருந்தது. பத்திர எழுத்தர் மற்ற இரண்டு பத்திரத்திலிருந்து அப்படியே நகல் எடுத்திருப்பார், வேறொன்றும் இல்லை.

பண வரியை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டு மறுநாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். நிலம் சம்பந்தப்பட்டது என்பதால் அது 1-ஆம் புத்தகம். யார் கேட்டாலும் நகல் கொடுப்பார்கள். நான் இரண்டு வாங்கிக்கொண்டேன். மடங்காமல் கொண்டுவர வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடையில் கெட்டி அட்டை ஃபைல் கிடைக்கும், நாற்பது ரூபாய்.