புவியியல் கட்டுரை வினா: விடைக்குறிப்பை முதலில் எழுதுங்கள், கேள்வியை அப்புறம் முடிவு செய்யுங்கள்

கட்டுரை விடைகளைத் திருத்த உட்கார்ந்து, முதல் சில தாள்களிலேயே "இதற்கு எத்தனை மார்க் போடுவது?" என்று திணறல் வந்துவிட்டால், கோளாறு பெரும்பாலும் வினாத்தாளில்தான் தொடங்கியிருக்கும். "நிலநடுக்கம் பற்றிக் கட்டுரை எழுதுக" என்று கேட்டால் ஒரு மாணவி புவித் தட்டுகளின் எல்லைகளைப் பற்றி மூன்று பக்கம் எழுதுவாள், இன்னொருவன் மீட்புப் பணிகளைப் பற்றி எழுதுவான், மூன்றாவது ஆள் பாடப்புத்தகத்தின் வரையறையையும் அலை வகைகளையும் அப்படியே இறக்கி வைப்பான். மூன்றுமே நிலநடுக்கம் பற்றியவைதான். மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. அதனால்தான் நான் எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொல்கிறேன்: கேள்வியை இறுதி செய்வதற்கு முன்பே விடைக்குறிப்பை எழுதிவிடுங்கள். விடைக்குறிப்பு எழுத வரவில்லை என்றால் கேள்வி இன்னும் தயாராகவில்லை.

முதலில் அந்த இடத்தில் கட்டுரை வினா தேவையா என்று பாருங்கள். ஆற்றின் மூன்று நிலைகள், பாறைகளின் வகைகள், மழைப்பொழிவின் வகைகள் எல்லாம் குறுவினாவிலேயே சோதிக்கக்கூடியவை, அவற்றைக் கட்டுரையாகக் கேட்டால் மாணவருக்குக் கைவலி, உங்களுக்கு நேர விரயம். காரணத்தையும் இடத்தையும் மனிதர்களையும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும்போது, அல்லது இரண்டு காரணங்களில் எது கனமானது என்று நிறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்போதுதான் கட்டுரை வினாவுக்கு வேலை இருக்கிறது.

2010ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஹைட்டியில் 7.0 அளவு நிலநடுக்கம், அடுத்த மாதமே சிலியில் 8.8. இரண்டாவது வெளியிட்ட ஆற்றல் முதலாவதைப்போல் ஏறத்தாழ 500 மடங்கு. ஆனால் சிலியில் இறந்தவர்கள் சுமார் 500 பேர், ஹைட்டியில் இறந்தவர்களின் எண்ணிக்கை பற்றிய மதிப்பீடுகள் ஒத்துப்போகாவிட்டாலும் பெரும்பாலானவை ஒரு லட்சத்தைத் தாண்டுகின்றன. இந்த விவரங்களைச் சிறு அட்டவணையாகக் கொடுத்துவிட்டு இப்படிக் கேட்கலாம்: "நிலநடுக்கத்தில் ஏற்படும் உயிரிழப்பை அதன் அளவைவிட அந்த நாட்டின் பொருளாதார நிலையே தீர்மானிக்கிறது. இக்கூற்றை எந்த அளவுக்கு ஏற்கிறீர்கள்? நீங்கள் படித்த இரண்டு நிலநடுக்கங்களைக் கொண்டு விளக்குக." சாதாரண மாணவர் "ஹைட்டி ஏழை நாடு, கட்டடங்கள் பலவீனம்" என்று எழுதுவார், அது சரியான விடையே. நன்றாகப் படித்தவர் சிலி பல பெரிய நிலநடுக்கங்களைக் கண்ட நாடு என்பதையும், அங்கே கட்டட விதிகள் கண்டிப்பாக இருந்ததையும் சேர்ப்பார். இன்னும் ஒரு படி மேலே போகிறவர், ஹைட்டியில் மையம் ஆழம் குறைந்த இடத்தில், நெரிசலான தலைநகருக்கு வெகு அருகில் இருந்தது, சிலியில் அது கடற்கரைக்கு அப்பால் இருந்தது, ஆகவே எல்லாவற்றையும் ஏழ்மையின் தலையில் கட்ட முடியாது என்று வாதிடுவார். ஒரே கேள்வி மூன்று விதமான மாணவர்களுக்கும் இடம் கொடுக்கிறது, மூன்று விடைகளையும் நம்மால் பிரித்துப் பார்க்கவும் முடிகிறது. நல்ல கட்டுரை வினாவிடம் நான் எதிர்பார்ப்பது இதைத்தான்.

கேள்வியின் வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். "விவரி" என்றால் என்ன இருக்கிறது என்று சொன்னால் போதும், "விளக்கு" என்றால் ஏன், எப்படி என்று வர வேண்டும், "மதிப்பிடு" என்றால் ஒரு முடிவும் அதற்கான ஆதாரமும் வேண்டும். இந்த வேறுபாட்டை வகுப்பில் சொல்லிக்கொடுக்காமல் தேர்வில் மட்டும் எதிர்பார்ப்பது நியாயமில்லை. "காரணங்களையும் விளைவுகளையும் தீர்வுகளையும் ஆராய்க" என்று மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டாதீர்கள், முதல் பகுதியிலேயே நேரம் தீர்ந்துவிடும். மூன்றும் வேண்டுமென்றால் (அ), (ஆ), (இ) என்று பிரித்து மதிப்பெண்ணையும் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள், எதற்கு எவ்வளவு எழுதுவது என்று மாணவருக்குத் தெரிய வேண்டும். "ஏதேனும் ஒன்றுக்கு விடையளி" என்று தெரிவு கொடுத்தால் இரண்டும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஒன்று "விவரி", மற்றது "மதிப்பிடு" என்றிருந்தால் துணிந்து கடினமானதை எடுத்த பிள்ளைக்குத்தான் நஷ்டம்.

அப்புறம், நீங்களே அந்தக் கேள்விக்கு விடை எழுதிப் பாருங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்த்தால் போதாது, பேனாவை எடுத்து எழுத வேண்டும். பாடம் தெரிந்த உங்களுக்கே ஒதுக்கிய நேரம் முழுவதும் தேவைப்பட்டால், யோசித்து எழுதும் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது போதாது. எழுதும்போதே இன்னொன்றும் தெரியும்: முழு மதிப்பெண்ணுக்கு நீங்கள் எதிர்பார்க்கும் விஷயத்தைக் கேள்வி உண்மையிலேயே கேட்கிறதா என்று. வரைபடத்துக்கு மார்க் ஒதுக்கியிருப்பீர்கள், ஆனால் வினாவில் "வரைபடத்துடன்" என்ற சொல்லே இருக்காது.

இனி விடைக்குறிப்பு. பலர் செய்வது, பத்துக் கருத்துகளைப் பட்டியலிட்டு கருத்துக்கு ஒரு மார்க் கொடுப்பது. வேகமாகத் திருத்தலாம், ஆனால் புவியியலுக்கு இது பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் இது கருத்துகளை எண்ணுகிறது, அவற்றுக்கு நடுவே உள்ள தொடர்பை விட்டுவிடுகிறது. மத்திய ஆசியாவின் ஆரல் கடல் என்ற ஏரி சுருங்கிய கதையில் பாருங்கள். ஒரு விடை: "நீர்ப்பாசனத்தால் கடல் சுருங்கியது. மீன்கள் இறந்தன. உப்புப் புயல் வீசியது. மக்கள் வேலை இழந்தனர்." நான்கு கருத்து, நான்கு மார்க். இன்னொரு விடை: "1960களிலிருந்து அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளின் நீர் பருத்தி வயல்களுக்குத் திருப்பப்பட்டது, வரத்து குறைந்தும் ஆவியாதல் நிற்காததால் நீரின் உப்புத்தன்மை ஏறியது, அதைத் தாங்காமல் மீன்கள் அழிந்தன, முய்னாக் போன்ற மீன்பிடித் துறைமுகங்கள் கரையிலிருந்து வெகுதூரம் தள்ளிப்போய் வேலையில்லாமல் நின்றன." பட்டியல் முறையில் இதற்கும் கிட்டத்தட்ட அதே மார்க்தான். ஆனால் இரண்டாவது பிள்ளைக்கு விஷயம் புரிந்திருக்கிறது, முதல் பிள்ளைக்குத் தலைப்புகள் மட்டும் தெரிந்திருக்கின்றன.

ஆகவே நிலைகளாகப் பிரியுங்கள். 12 மதிப்பெண் என்றால் மூன்று நிலை போதும். 1 முதல் 4 வரை: தனித்தனிக் கூற்றுகள், இடத்தின் பெயர் இல்லை அல்லது பெயர் மட்டும் இருக்கிறது. 5 முதல் 8: காரணமும் விளைவும் சில இடங்களிலாவது பிணைக்கப்பட்டிருக்கின்றன, எடுத்துக்காட்டில் அந்த இடத்துக்கே உரிய ஏதாவது ஒரு விவரம் இருக்கிறது. 9 முதல் 12: சங்கிலி முழுதாக இருக்கிறது, எது முக்கியம் என்று எடைபோட்டிருக்கிறார், மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறார். ஆரல் கேள்வியில் 2005இல் வட, தென் பகுதிகளைப் பிரிக்கும் கோக்-ஆரல் அணை முடிந்தபின் வட பகுதியில் நீர் ஏறி மீன்பிடிப்பு திரும்பியதை ஒருவர் எழுதி, தென் பகுதி ஏன் அப்படி மீளவில்லை என்றும் கேட்டால் அவர் இந்த நிலைக்காரர். ஒவ்வொரு நிலைக்கும் கீழே ஒரு மாதிரி வாக்கியமாவது எழுதி வையுங்கள், "நல்ல விளக்கம்", "மிக நல்ல விளக்கம்" என்று அடைமொழியை மட்டும் மாற்றி எழுதிய குறிப்பு திருத்தும்போது எதற்கும் உதவாது.

திருத்தும்போது முதலில் சில தாள்களை மார்க் போடாமல் சும்மா படியுங்கள், பிள்ளைகள் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், நீங்கள் நினைக்காத ஆனால் சரியான ஒரு வாதமும் அகப்படலாம், அதையும் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். நிலைக்கு ஒன்றாக மாதிரித் தாள்களை எடுத்து மேசையிலேயே வைத்துக்கொண்டு, சந்தேகம் வரும்போதெல்லாம் அவற்றோடு ஒப்பிடுங்கள். ஒரு மாணவரின் முழுத் தாளையும் ஒரே மூச்சில் திருத்தாதீர்கள். எல்லோருடைய 5ஆம் வினாவையும் முடித்துவிட்டு 6ஆம் வினாவுக்குப் போங்கள். ஒரு விடையில் உருவான அபிப்பிராயம் அடுத்ததிலும் ஒட்டிக்கொள்ளும், அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக் 1920லேயே இந்தச் சாய்வைப் பற்றி எழுதிவிட்டார். பெயர் தெரியாமல் முகப்பை மடித்துவிடுவதும் இதற்காகத்தான். கையெழுத்தும் நீளமும் நம்மை அறியாமல் இழுக்கும், நான்கு பக்கம் எழுதியவர் இரண்டு பக்கம் எழுதியவரைவிட அதிகம் சொல்லியிருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை.

எல்லாம் முடிந்தபின் முதலில் திருத்திய தாள்களைத் திரும்ப எடுங்கள். ஆரம்பத்தில் கண்டிப்பாகவும் போகப்போக இளகியும் இருப்பது, அல்லது அதற்கு நேர்மாறாக இருப்பது, சகஜம். முடிந்தால் சில தாள்களைச் சக ஆசிரியரிடம் உங்கள் மார்க்கைக் காட்டாமல் கொடுங்கள். அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இரு ஆய்வாளர்கள் 1912இல் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளை நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 30 மதிப்பெண்ணுக்கும் மேல் இடைவெளி வந்தது. அந்த இடைவெளியைக் குறைக்க ஒரு பிள்ளையின் தாளை இருவர் பார்ப்பதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

தகராறு வரும் இடங்கள் சில உண்டு. மனப்பாடம் செய்த எடுத்துக்காட்டைக் கேள்வி எதுவாக இருந்தாலும் கொட்டிவிடும் விடைக்கு, கேள்வியைத் தொடும் வரிகளுக்கு மட்டும் மார்க், மீதிக்காகக் கழிக்கவும் வேண்டாம், இரக்கப்பட்டுச் சேர்க்கவும் வேண்டாம். ஆண்டையோ எண்ணையோ தவறாக எழுதினாலும் வாதம் நிற்கிறதென்றால் நிலையை இறக்காதீர்கள், ஆனால் நதி ஓடும் திசையையே மாற்றி அதன்மேல் வாதத்தைக் கட்டியிருந்தால் அது வேறு விஷயம். வரைபடம் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பெயரிடப்பட்டிருக்கிறதா, உரையில் இல்லாத எதையாவது அது சொல்கிறதா என்று பாருங்கள். எழுத்துப்பிழைக்குத் தனி மதிப்பெண் ஒதுக்கியிருந்தால் ஒழிய அதை உள்ளே இழுக்க வேண்டாம்.

தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது ஓரத்தில் "நன்று", "போதாது" என்று எழுதுவதைவிட, சங்கிலி எங்கே அறுந்ததோ அந்த இடத்தில் ஓர் அம்புக்குறி போட்டு "அதனால் என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள், அந்த ஒரு வாக்கியத்தை மாணவரையே சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வகுப்பில் பாதிப் பேர் (ஆ) பகுதியில் ஒரே மாதிரி வழுக்கியிருந்தால் அந்தக் கேள்வியை எடுத்து மறுபடி படியுங்கள், எந்தச் சொல் அவர்களை அங்கே தள்ளியது என்று வினாத்தாளின் பிரதியிலேயே குறித்து, விடைக்குறிப்போடு சேர்த்து அடுத்த ஆண்டுக்குக் கோப்பில் வையுங்கள்.