களிமண் உருண்டையும் ஆறு பேர் குழுவும்

நான்காம் வகுப்பில் மிதப்பது, மூழ்குவது பற்றிய பாடம். பிள்ளைகளை ஆறு ஆறு பேராக வட்டமாக உட்கார வைத்து, நடுவில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தேன். இரண்டு பேர் கை நனைத்தார்கள், ஒருத்தி எழுதினாள், மற்ற மூவரும் ஜன்னலைப் பார்த்தார்கள். குழுவாகக் கற்பது என்று அன்று நான் நினைத்தது அதைத்தான்.

ஆறு பேர் அதிகம். நான்கைத் தாண்டினால் யாராவது ஒதுங்கிவிடுவார்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளையையே எப்போதும் லீடராகப் போடாதீர்கள். அவள் எழுதுவதை மற்றவர்கள் காப்பியடிப்பார்கள், அவ்வளவுதான்.

பெரிய தவறு கேள்வியில் இருந்தது. ஆணி மூழ்குமா, இலை மிதக்குமா என்பதற்கு விடை எல்லாருக்கும் தெரியும். அப்புறம் பேசிக்கொள்ள என்ன இருக்கிறது? மறு வருடம் குழுவுக்கு 50 கிராம் பொம்மைக் களிமண் கொடுத்தேன். (பானைக் களிமண் வேண்டாம், வாளி சேறாகிவிடும். பட்டுத் தெரிந்துகொண்டது.) உருண்டையாகப் போட்டால் மூழ்குகிறது, இதை மிதக்க வையுங்கள், எத்தனை புளியங்கொட்டை சுமக்கிறது என்று பாருங்கள் என்றேன். ஒரு குழு தட்டையாக்கியது, இன்னொன்று கிண்ணமாக்கியது. ஒரே சண்டை, தரையெல்லாம் தண்ணீர். 50 கிராம் மிதக்க 50 மில்லி தண்ணீரைத் தள்ளி ஒதுக்க வேண்டும். உருண்டை ஒதுக்குவதோ சுமார் 30 மில்லிதான், கிண்ணமாக்கினால் அதிகம் ஒதுக்கும். இந்தக் கணக்கை முதலிலேயே கரும்பலகையில் எழுதியிருந்தால் எல்லாரும் ஒரே கிண்ணத்தைச் செய்து வைத்திருப்பார்கள்.

பதிலுக்குக் காத்திருப்பதிலும் நாம் அவசரக்காரர்கள். மேரி பட் ரோ என்பவர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். முதல் பதிலுக்கே 'வெரி குட்' சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் தெர்மாகோல் எரிமலையைப் படைப்பாற்றல் கணக்கில் சேர்ப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செய்தது அப்பா என்று ஊருக்கே தெரியும்.

கடைசியில் ஜெயித்த குழுவை மட்டும் பேசச் சொல்லாதீர்கள். தட்டையாக்கி மூழ்கடித்த குழுவிடம் காரணம் கேட்டேன். "ஓரமே இல்ல டீச்சர், தண்ணி உள்ள வந்துடுச்சு" என்றான் ஒரு பையன். அதைக் கேட்ட கிண்ணக் குழு ஓரத்தை இன்னும் உயர்த்தியது. 11 கொட்டை 19 ஆனது.