கச்சான் காலத்தில் எஸ்எஸ்டியின் வேகத்தைக் காப்பாற்றுவது எப்படி

கல்முனையில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுவது என் தொழில். கச்சான் காற்று வீசும் மாதங்களில், ஏசி இல்லாத அறைக்குள் மத்தியானம் 33, 34 பாகை சாதாரணம். அந்தச் சூட்டில் உங்கள் எம்.2 எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேரே செருகும் சின்னச் சேமிப்பு டிரைவ்) எவ்வளவு வேகம் தரும் என்பதைப் பெட்டியில் போட்டிருக்கும் நொடிக்கு 7000 எம்பி சொல்லாது. நீங்களே சோதிக்க வேண்டும், அதுவும் மத்தியானத்தில்.

டிரைவின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்து வெப்பநிலை தெரியும்படி வையுங்கள். பிறகு 100 ஜிபிக்கு மேற்பட்ட ஃபோல்டர் ஒன்றை அதே டிரைவுக்குள்ளேயே வேறு இடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள். கெமரா கார்டிலிருந்து வேண்டாம். சாதாரண கார்டு நொடிக்கு 100 எம்பி அளவில்தான் கொடுக்கும், எஸ்எஸ்டிக்கு அது வேலையே இல்லை. 1 ஜிபி அளவில் ஓடும் வேகச் சோதனைகளையும் நம்பாதீர்கள். சூடேறுவதற்கு முன்பே அவை முடிந்துவிடும்.

வேகம் விழுந்தால் உடனே ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியே விடும் உலோகத் தகடு) வாங்க ஓட வேண்டாம். விழுந்த நேரத்தில் வெப்பநிலை என்ன என்று பாருங்கள். 70, 80 பாகையைத் தாண்டி, வேகம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சூடுதான் காரணம்; டிரைவை இயக்கும் சிப்பான கொன்ட்ரோலர் தன்னைக் காப்பாற்ற வேகத்தைக் குறைக்கிறது. வெப்பநிலை 55இல் நிற்கும்போதே வேகம் ஒரேயடியாக விழுந்து அங்கேயே கிடந்தால், கேச், அதாவது வேகமாக எழுதுவதற்கான தற்காலிக இடம், நிரம்பிவிட்டது. டிஎல்சி (செல்லுக்கு மூன்று பிட்), க்யூஎல்சி (நான்கு பிட்) டிரைவுகள் முதலில் ஒரு செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதிவிட்டு, அந்த இடம் தீர்ந்ததும் மூன்று, நான்கு பிட்டாக அடைக்கத் தொடங்கும். சில க்யூஎல்சி டிரைவுகள் அப்போது பழைய ஹார்ட் டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். இதற்கு எந்த ஹீட்சிங்கும் உதவாது. டிரைவில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக விடுங்கள். நிரம்ப நிரம்ப கேச்சும் சுருங்கும்.

சூடுதான் என்றால் முதலில் இடத்தைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும் ஸ்லொட்தான் மோசமானது. வேறு ஸ்லொட் இருந்தால் மாற்றுங்கள், ஆனால் அது நான்கு லேன் (தரவு ஓடும் பாதை) தருகிறதா என்று மதர்போர்டின் மெனுவலில் பார்த்துவிட்டு. அடுத்து ஹீட்சிங்க். டிரைவுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவில் வைக்கும், சூட்டைக் கடத்தும் மெத்தையான தேர்மல் பேடின் இரண்டு பக்கத்திலும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். அதை உரிக்காமல் பூட்டிய கொம்பியூட்டர்கள் என்னிடம் வந்திருக்கின்றன. தாள் நடுவில் நின்றால் சூடு ஒழுங்காகக் கடக்காது. பேட் கட்டாயம் கொன்ட்ரோலர் சிப்பைத் தொட வேண்டும், அதிகம் கொதிப்பது அதுதான். டிரைவின் ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும். ஸ்குரூவையும் போர்டு வளையுமளவுக்கு இறுக்கக் கூடாது.

காற்று ஓடாவிட்டால் ஹீட்சிங்க் சூட்டைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். முன்பக்கம் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் போதும். பக்கத்து மூடியைக் கழற்றி மேசை ஃபேனைத் திருப்பிவிடும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. கடற்கரை ஊர் இது, மணலும் உப்புக் காற்றும் நேரே போர்டில்தான் இறங்கும். ஃபேனுக்கு முன் வலைஃபில்டர் போட்டு மாதம் ஒருமுறை கழுவிக் காயவையுங்கள்.

லாப்டொப்பில் உயரமான ஹீட்சிங்க் வைக்க இடமில்லை. டிரைவுக்கும் அடிமூடிக்கும் இடைவெளியை அளந்து அதே தடிப்பில் பேட் வைத்தால், மூடியே சூட்டை வாங்கிக்கொள்ளும்.

புதிதாக வாங்குபவர்களுக்கு: விண்டோஸ் திறப்பதும் கேம் ஏறுவதும் சின்னச் சின்ன வாசிப்புகள்தான், அவற்றில் பிசிஐஇ (டிரைவ் மதர்போர்டோடு பேசும் இணைப்பு) 3ஆம் தலைமுறைக்கும் 5ஆம் தலைமுறைக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் குறைவு. 4கே எடிட்டிங்குக்கு 4ஆம் தலைமுறை டிஎல்சி டிரைவே தாராளம். மிச்சக் காசைக் கொள்ளளவில் போடுங்கள்.