சம்மர் டேர்ம் ரிஜிஸ்ட்ரேஷன்: பணம் கட்றதுக்கு முன்னாடி, கட்ன பின்னாடி

காட்பாடில பிரவுசிங் சென்டர் வெச்சிருக்கேன். ஏப்ரல் கடைசி ஆயிட்டா கடைல பாதி கூட்டம் சம்மர் டேர்ம், அதாவது கோடை லீவுல சில வாரத்துல ஒரு பேப்பர முடிக்கற கிளாஸ், அதுல சேர்ற பசங்கதான், கூடவே அவங்க அப்பா அம்மா, குடியாத்தத்துல இருந்து ஆற்காட்டுல இருந்துலாம் வெயில்ல பஸ் ஏறி வந்துடுவாங்க. வந்ததும் கேக்கறது ஒரே கேள்வி, "இன்னாண்ணா, எங்க பணம் கட்டணும்?" பணம் கட்றது கடைசி வேலைங்க, அதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது நெறைய கீது.

மொதல்ல உங்க காலேஜ்ல சம்மர் டேர்ம்னு ஒண்ணு இருக்கானே பாருங்க. நிகர்நிலை பல்கலைக்கழகம், சில தன்னாட்சி காலேஜ் இங்கல்லாம் இருக்கும். சேர்க்காட்டுல இருக்கற திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச கலைக்கல்லூரி பசங்களுக்கு பெரும்பாலும் நவம்பர், ஏப்ரல் செமஸ்டர் எக்ஸாமோட சேர்த்து அரியர் எழுதறதுதான் வழி, அதுக்கு எக்ஸாம் பீஸ் மட்டும்தான். அதனால வெளிய எவனாவது வந்து சம்மர் கோர்ஸுக்கு பணம் குடு, அரியர நான் முடிச்சி தரேன்னு சொன்னா பத்து பைசா குடுக்காதீங்க.

இருக்குதுன்னு தெரிஞ்சிடுச்சா, அடுத்தது கோர்ஸ் கோடு. பேர் ஒண்ணா இருக்கும் கோடு வேறயா இருக்கும், சிலபஸ் மாத்தன வருஷத்துல இது ரொம்ப நடக்கும், நீங்க படிச்சது பழைய சிலபஸ், சம்மர்ல நடத்தறது புதுசு. அது உங்க டிகிரிக்கு கணக்குல வருமானு அட்வைசர் கிட்ட மெயில்ல கேளுங்க. நேர்ல பாத்து "ம்ம் எடுத்துக்கோபா"னு சொன்னது பின்னாடி ஒண்ணுத்துக்கும் ஆவாது, மெயில் பதில் இருந்தா அத காட்டி பேசலாம்.

எத்தன கோர்ஸ் எடுக்கறதுனு கேட்டா கணக்கு போட்டு பாருங்க. ஒரு கிரெடிட்னா 15 மணி நேர கிளாஸ், 4 கிரெடிட் பேப்பர்னா 60 மணி நேரம். இத ஆறு வாரத்துல முடிக்கணும்னா ஒரு பேப்பருக்கே வாரம் 10 மணி நேரம் கிளாஸ்லயே போயிடும், படிக்கற நேரம் தனி. ரெண்டு எடுத்தாலே மூச்சு முட்டும், மே மாச வேலூர் வெயில்ல மூணு எடுக்கறேன்னு வர்றவங்கள பாத்தா எனக்கு பாவமா இருக்கும். ஹாஸ்டல் பசங்க இன்னொண்ணு பாக்கணும், சம்மருக்கு ரூம் வாடக, மெஸ் காசு தனியாவா, பழைய பீஸ்லயே சேந்துடுச்சானு.

ரிஜிஸ்ட்ரேஷன் அன்னிக்கு பழைய பாக்கி எதுவும் இருக்கக்கூடாது, லைப்ரரி ஃபைன் கூட சில எடத்துல பிளாக் பண்ணிடும். கிளாஸ் நேரம் ஒண்ணோட ஒண்ணு இடிக்குதானு முன்னாடி நாளே பேப்பர்ல எழுதி வெச்சிடுங்க, ரெண்டாவது சாய்ஸும் எழுதுங்க, ஏன்னா ஆள் சேரலனா கோர்ஸயே தூக்கிடுவாங்க. அப்டி தூக்கினா பணம் திரும்ப வருமா இல்ல அடுத்த செமஸ்டர்ல கழிப்பாங்களானு சர்க்குலர்ல தேடிப் பாருங்க, போடலனா ஆபீஸ்ல கேளுங்க. அப்றம் அன்னிக்கு உங்க ஏரியால மாசாந்திர பவர் கட் இருக்கானும் பாத்துக்கோங்க, சிரிக்காதீங்க, இதனாலதான் எனக்கு வியாபாரமே.

இப்ப பணம். யுபிஐல பொதுவா ஒரு நாளைக்கு 1 லட்சம் வரைக்கும் போவும், கல்விக் கட்டணம்னு பதிவான கணக்குக்கு 5 லட்சம் வரைக்கும் விட்டிருக்காங்க, ஆனா உங்க பேங்க் அதுக்குள்ள தனியா ஒரு லிமிட் வெச்சிருக்கலாம். புது போன்லயோ புது சிம்லயோ அப்பத்தான் யுபிஐ போட்டிருந்தா மொத 24 மணி நேரத்துக்கு 5000 ரூபாதான் போவும், கடைசி நாள்ல அப்பாவுக்கு புது போன் வாங்கி குடுத்துட்டு இங்க வந்து முழிக்கறவங்க உண்டு. எந்த லிங்க்ல கட்றதுனா காலேஜ் போர்ட்டலுக்குள்ள லாகின் பண்ணி அங்க இருந்து மட்டும், வாட்ஸ்அப் குரூப்ல வர்ற க்யூஆர் கோடு எவ்ளோ அழகா லோகோ போட்டிருந்தாலும் வேணாம். நெஃப்ட்ல, அதாவது பேங்க் கணக்குல இருந்து கணக்குக்கு அனுப்பறதுன்னா அது 2019 டிசம்பர்ல இருந்து ராத்திரி பகல் எல்லா நாளும் ஓடுது, யுடிஆர்னு பேங்க் குடுக்கற பரிவர்த்தனை நம்பர எழுதி வெச்சிக்கிட்டு போர்ட்டல்ல போட மறக்காதீங்க. அத போடலனா பணம் போய் சேந்தும் யார் கட்னதுன்னு தெரியாம கெடக்கும்.

அக்கவுண்ட்ல பணம் போயி போர்ட்டல்ல பெண்டிங்னு காட்னா உடனே மறுபடி கட்டாதீங்க. கொஞ்ச நேரம் விட்டு லாக்அவுட் பண்ணி பாருங்க, அப்பவும் அப்டியே இருந்தா டிரான்சாக்ஷன் ஐடியோட ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பைனான்ஸ் ஆபீஸுக்கும் பேங்க்குக்கும் ஒரே நாள்ல மெயில் போடுங்க. ரிசர்வ் பேங்க் 2019ல போட்ட விதிப்படி இப்டி வணிகர் கணக்குக்கு போய் ஃபெயில் ஆன யுபிஐ பணம் 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டினா ஒரு நாளைக்கு 100 ரூபா நஷ்டஈடு. கடைசி தேதிக்குள்ள திரும்பாதுன்னு தோணிச்சுனா, மெயில் போட்ட கையோட ஆபீஸ்ல நேர்ல போய் டைம் கேளுங்க. இதனாலதான் கடைசி நாளுக்கு நாலஞ்சி நாள் முன்னாடியே கட்டுங்கனு எல்லார் கிட்டயும் கத்திகினு இருக்கேன்.

கல்விக்கடன்ல படிக்கறவங்க, பேங்க் நேரா காலேஜ் கணக்குக்குதான் போடும், அதுக்கு சம்மர் பீஸ் இவ்ளோனு காலேஜ் எழுதி குடுக்கற டிமாண்ட் லெட்டர் தனியா வாங்கணும். அந்த லெட்டர் உடனே கைக்கு வராது, ரிஜிஸ்ட்ரேஷன் அறிவிப்பு வந்த அன்னிக்கே எழுதி குடுத்துடுங்க. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன்னு அரசு குடுக்கற உதவித்தொகை மாசம் 1000 ரூபா வர்ற அக்கவுண்ட்ல கொஞ்சம் சேத்து வெச்சி பீஸ்ல ஒரு பங்கு கட்ற புள்ளைங்களும் வருதுங்க.

காசு கட்டுப்படி ஆவலனா ஸ்வயம், என்பிடெல்னு இருக்கற அரசு ஆன்லைன் கோர்ஸ பாருங்க. சேர்றது இலவசம், சர்டிபிகேட்டுக்கு எக்ஸாம் எழுதத்தான் பணம். ஒரு செமஸ்டர்ல இருக்கற பேப்பர்ல 40 சதவீதம் வரைக்கும் இதுல எடுத்துக்கலாம்னு யுஜிசி 2021ல சொல்லிடுச்சி, ஆனா உங்க டிபார்ட்மென்ட் அந்த கோர்ஸ ஏத்துக்குதானு முன்னாடியே எழுத்துல வாங்கணும். ஜனவரி, ஜூலைனு ரெண்டு தடவ ஆரம்பிக்கறதால மே மாசம் முழிச்சிக்கிட்டா சம்மருக்கு லேட்டு, ஜூலை வரைக்கும் காத்திருக்கணும்.

கட்டி முடிச்சதும் ரசீத பிடிஎஃப்பா எறக்கிடுங்க, போர்ட்டல்ல ரிஜிஸ்டர் ஆன லிஸ்ட்ல கோர்ஸ் பேரு வந்துச்சானும் பாருங்க, பீஸ் கட்டியும் லிஸ்ட்ல பேர் வராத கேஸ் உண்டு. ரசீது ஒரு காப்பி அப்பா கிட்டயும் போகட்டும், அவரு பழைய முறைல வருமான வரி கட்றவரா இருந்தா முழுநேர படிப்போட டியூஷன் பீஸ வரிக்கழிவுல காட்டலாம், ஹாஸ்டல் மெஸ் காசு அதுல சேராது.