டைனமோவைக் கழற்றும் முன்

கார் பேட்டரி அடிக்கடி இறங்கினால், டைனமோவுக்கு (பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைத்தான் அப்படிச் சொல்கிறோம்) காசு கொடுக்கும் முன் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து பேட்டரி டெர்மினல்களில் அளந்து பாருங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது; சந்தேகம் பேட்டரி மேல்தான், அல்லது எங்கோ கரண்ட் கசிகிறது. ஓடும்போதும் 12 சொச்சத்திலேயே நின்றால்கூட அவசரப்பட வேண்டாம். தளர்ந்த பெல்ட், பச்சை பூத்த டெர்மினல், ஆல்டர்னேட்டருக்குள் தேய்ந்த கார்பன் பிரஷ் எல்லாமே இதே அறிகுறியைத்தான் காட்டும். பிரஷ் மட்டும் மாற்றுவது புது ஆல்டர்னேட்டரைவிட எவ்வளவோ மலிவு.

ஸ்மார்ட் சார்ஜிங் உள்ள புதிய கார்களுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அங்கே வோல்டேஜை கம்ப்யூட்டரே ஏற்றி இறக்கும். ஓடும் வண்டியில் டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை எந்தக் காரிலும் வேண்டாம், இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போய்விடலாம்.