வளைந்த உடலில் பால்சா ஷீட்: பசைக்கு முன்பே நடந்துவிடும் தவறுகள்

மாடல் விமானத்தின் உடற்பகுதியைப் பால்சா என்ற மிக லேசான மரத்தின் மெல்லிய ஷீட்டால் மூடும்போது, விரிசலும் இடைவெளியும் கண்ணில் படுவது பசை காய்ந்த பிறகுதான். அதனால் பழி பசை மேல் விழுகிறது. உண்மையில் பாதித் தவறுகள் பசைப் புட்டியைத் திறப்பதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். ஷீட் தானாகவே அந்த வளைவில் அடங்கி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்ததைப் பிடித்து வைப்பது மட்டும்தான் பசையின் வேலை.

கையில் கிடைத்த ஷீட்டை எடுத்து ஒட்டுவதுதான் முதல் தவறு. மரத்தை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதைப் பொறுத்துப் பால்சாவின் குணமே மாறும். ஏ கிரெயின் ஷீட்டில் ரேகைகள் நீளமாக ஓடும். குறுக்கே குழாய் மாதிரி எளிதாகச் சுருளும். சி கிரெயினில் மீன் செதில் போன்ற மினுமினுப்பான புள்ளிகள் தெரியும். அது விறைப்பானது, வளைத்தால் நீளவாக்கில் பிளந்துவிடும். தட்டையான இடத்துக்கும் சட்டங்களுக்கும் அது அருமையான மரம், வளைவுக்கு ஆகாது. ஷீட்டின் இரண்டு நீள விளிம்புகளையும் பிடித்து மெதுவாகச் சுருட்டிப் பாருங்கள், கைக்கே புரியும். அப்புறம் எடை. 100 மி.மீ. அகலம், 1 மீட்டர் நீளம், 1.5 மி.மீ. தடிமன் உள்ள ஒரு ஷீட் 15 கிராமும் இருக்கலாம், 30 கிராமும் இருக்கலாம். வாலுக்கு லேசானதை ஒதுக்குங்கள். வாலில் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் இரண்டு மூன்று கிராம் ஈயம் வைக்க வேண்டிவரும்.

இரண்டாவது, அடியில் இருக்கும் கூட்டைச் சரிபார்க்காமல் மூடுவது. உடலுக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான ஃபார்மர்கள் மேல் நீளமான மெல்லிய குச்சி ஒன்றை வளைத்து வைத்து ஓட்டிப் பார்த்தால் எது துருத்துகிறது, எது பள்ளம் என்று தெரிந்துவிடும். துருத்துவதைத் தேய்க்கலாம், பள்ளத்தில் மெல்லிய சில்லு ஒட்டலாம். நீங்களே வரைந்து வெட்டுவதானால் ஃபார்மரின் விளிம்பைச் சுற்றிலும் ஷீட்டின் தடிமனைக் கழித்துவிடுங்கள். 1.5 மி.மீ. ஷீட்டுக்குக் கழிக்க மறந்தால் உடல் 3 மி.மீ. அகலமாகிவிடும், எஞ்சின் மூடி பொருந்தாது.

அதிகம் பேர் தோற்பது மூன்றாவதில்: இரண்டு திசையில் வளையும் இடத்தையும் முழு ஷீட்டால் மூடப் பார்ப்பது. ஒரு தாளை டம்ளரைச் சுற்றி ஒட்டலாம். தேங்காயைச் சுற்றிச் சுருக்கமில்லாமல் ஒட்ட முடியாது. பால்சா ஷீட்டும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போர்க்கால விமானமான ஸ்பிட்ஃபயரின் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். காக்பிட்டுக்குப் பின்னால் வால் வரை உடல் ஏறக்குறைய ஒரு கூம்பு, அகலமான ஷீட்டே போதும். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வளைவு இரண்டு திசையிலும் போகிறது. அங்கே முழு ஷீட்டை நனைத்து அழுத்தினால் ஒரு ஓரம் எழும்பும், இன்னொரு ஓரம் மடியும். எவ்வளவு குண்டூசி குத்தினாலும் அது மாறாது. அந்த இடத்துக்கு 6 முதல் 10 மி.மீ. அகலமுள்ள பட்டைகளாக வெட்டி, படகுக்குப் பலகை அடிப்பது போல ஒவ்வொன்றாகப் பொருத்த வேண்டும். உடல் குறுகும் பக்கம் பட்டையும் குறுக வேண்டும். அதைச் சீவாமல், மேலே ஏறி வரும் பட்டையைப் பக்கவாட்டில் வளைத்துத் தள்ளினால் அது நெளிந்து நிற்கும். விளிம்பையும் லேசாகச் சரிவாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெளியே வி வடிவப் பள்ளம் விழும்.

தண்ணீர் விஷயத்தில் அவசரம்தான் கெடுக்கிறது. வெளிப்பக்கத்தை மட்டும் வெந்நீரால் நனைத்தால் அந்தப் பக்கம் விரிந்து, ஷீட் நமக்கு வேண்டிய திசையிலேயே வளையும். இறுக்கமான வளைவுக்கு அம்மோனியா கலந்த தண்ணீர் இன்னும் உதவும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். இதுவரை எல்லோரும் சரியாகச் செய்கிறார்கள். தவறு அடுத்த நிமிடத்தில்: ஈரத்தோடேயே ஒட்டிவிடுகிறார்கள். பால்சா காயும்போது குறுக்கே சுருங்கும். இணைப்புகள் வாய் திறக்கும், ஃபார்மர்களுக்கு நடுவே ஷீட் உள்வாங்கி எலும்பும் தோலுமான மாடு போலத் தெரியும். நனைத்த ஷீட்டைக் கூட்டின் மேலேயே க்ரேப் பேண்டேஜால் சுற்றிக் கட்டி, முழுக்கக் காயவிட்டு, கழற்றிய பிறகு அளவாக வெட்டி ஒட்டுங்கள். கடலோர ஊரில் மழைக்காலம் என்றால் ஒரு ராத்திரி போதாது.

பசையைப் பொறுத்தவரை, ஃபார்மரில் மஞ்சள் மரப்பசை நல்லது, நகர்த்திச் சரிசெய்ய நேரம் கொடுக்கும். வெளியே தெரியும் இணைப்பில் இன்ஸ்டன்ட் பசை ஓடினால் அந்தக் கோடு பால்சாவைவிடக் கடினமாகிவிடும். தேய்க்கும்போது சுற்றியுள்ள மரம் கரையும், கோடு மட்டும் மேடாக நிற்கும். பெயின்ட் அடித்தால் அது இன்னும் தெளிவாகத் தெரியும்.

என்னுடைய இரண்டாவது விமானத்தில் வலப்பக்கம் முழுவதையும் ஒரே மாலையில் மூடி முடித்தேன். வேலை அவ்வளவு நன்றாக ஓடியது. காலையில் பார்த்தால் வால் ஒரு விரல் அளவு வலப்பக்கம் திரும்பியிருந்தது. இடப்பக்கம் மூடி அதை நேராக்க முடியவில்லை, பிரித்துத்தான் செய்தேன். அன்றிலிருந்து வலப்பக்கம் ஒரு பட்டை, உடனே இடப்பக்கம் ஒரு பட்டை. கூடு பலகையில் அசையாமல் இருக்கும்.

தேய்க்கும்போது விரலால் உப்புத்தாளை அழுத்தாதீர்கள். ஃபார்மர் மேல் மரம் மெலிந்து ஓட்டையாகிவிடும். ஒரு அடி நீளக் கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் குறுக்குவாட்டில் தேயுங்கள். நகம் பட்ட பள்ளத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் மரமே உப்பி எழும், பள்ளம் நிரப்பும் பூச்சு தேவைப்படாது.

கடைசிப் பட்டைக்கு முன் உள்ளே ஒருமுறை பாருங்கள். வால் கட்டுப்பாட்டுக் கம்பிகளின் குழாய்கள், ஆன்டெனா போகும் வழி, இறக்கை போல்ட் இறங்கும் கட்டை எல்லாம் வைத்தாயிற்றா? 1940 நவம்பர் 25 அன்று முதன்முதலாகப் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் டி ஹாவிலண்ட் மொஸ்கிட்டோவின் உடலும் பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா வைத்து, அச்சின் மேல் இரண்டு பாதிகளாகச் செய்ததுதான். பாதிகள் திறந்திருக்கும்போதே உள் வேலையில் பெரும்பகுதியை முடித்துவிட்டு, அதன்பின் ஒட்டிச் சேர்த்தார்கள்.